ஆர்ச்சி மேடையில் தனியாக நின்ற ஏழு நிமிடம்

விளையாட்டு ஒளிபரப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டீர்கள். கமெராவை எங்கே வைப்பது, சத்தத்தை எப்படிப் பிடிப்பது என்பதையெல்லாம் என்னிடம் கேளாதீர்கள். அதை என்னைவிட நன்றாகச் சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நான் வேலை செய்த காலத்திலேயே கருவிகள் மூன்று தடவை முழுசாக மாறிவிட்டன. என் பிழைகள் மட்டும் இன்னும் பழசாகவில்லை. ஆகவே அவற்றில் ஒன்றைச் சொல்கிறேன்.

லண்டனில் ஒரு கட்டணச் சனலில், குத்துச்சண்டைப் பிரிவில், இருபத்தெட்டு வருடம் இருந்தேன். என்னைப் பார்த்தவர்கள் ஒருவரும் இதை நம்பியதில்லை. என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். மனோர் பார்க்கில் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும்போது யாராவது, "அண்ணை என்ன வேலை செய்யிறியள்?" என்று கேட்பார்கள். "குத்துச்சண்டை" என்பேன். என்னை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்துவிட்டு, "ஓ, ரிக்கற் விக்கிறியளோ?" என்பார்கள்.

முதலில் இந்தத் தொழிலின் கோணல் உங்களுக்கு விளங்கவேண்டும். காற்பந்தில் சனல்கள் போட்டித் தொடரை வாங்கும். குத்துச்சண்டையில் நாங்கள் ஆட்களை வாங்குகிறோம். ஒவ்வொரு வீரனும் ஏதோ ஒரு சனலுக்குக் கையெழுத்து வைத்திருப்பான். எங்கட ஆள் எங்கட சனலில் மட்டும்தான் அடிப்பான், அடி வாங்குவான். அவையின்ர ஆளும் அப்படித்தான். இதனால் நடக்கும் கூத்து என்னவென்றால், எந்த இரண்டு பேர் மோதவேண்டும் என்று நாடு முழுவதும் பப்புகளில் மேசையைத் தட்டிச் சண்டை பிடிக்கிறார்களோ, அந்த இரண்டு பேரும் எப்போதும் வேறு வேறு சனல்களில் இருப்பார்கள். சந்திக்கவே மாட்டார்கள்.

அந்தக் கையெழுத்துகளுக்காக நாங்கள் செய்யாத வேலை இல்லை. ஒருமுறை ஒரு வீரனின் தாயாருக்குப் பிறந்தநாள். மற்றச் சனல் பூங்கொத்து அனுப்பிவிட்டது என்று எங்களுக்குச் செய்தி வந்தது. எங்கள் தலைவர், அதாவது விளையாட்டுப் பிரிவின் தலைவர், "அதைவிடப் பெரிசா அனுப்பு" என்று கத்தினார். நான் அனுப்பினேன். வாசல் கதவுக்குள்ளால் போகாத அளவு பெரியது. அந்த அம்மாவுக்குப் பூக்களின் மகரந்தம் ஒத்துவராது. தும்மித் தும்மி இரண்டு நாள் படுக்கை. மற்றச் சனல் அனுப்பியது பட்டுத்துணியில் செய்த பூ. அவர்கள் விசாரித்திருந்தார்கள், நாங்கள் அளந்திருந்தோம். மகன் ஐந்து வருடத்துக்கு அங்கே கையெழுத்து வைத்தான்.

இப்போது ஆர்ச்சியின் கதைக்கு வருகிறேன்.

ஆர்ச்சி எங்கட ஆள். கிழக்கு லண்டன் பிள்ளை. டெஸ்மண்ட் மற்றச் சனலின் ஆள், வடக்கே இருந்து வந்தவன். இருவரிடமும் ஆளுக்கொரு உலகப் பட்டம். இருவரும் மோதவேண்டும் என்று நான்கு வருடமாக எல்லோரும் கேட்டார்கள். கடைசியில் இரண்டு சனல்களும் சேர்ந்து ஒரே சண்டையை ஒளிபரப்புவது என்று முடிவாயிற்று. படம் பொது. வர்ணனையாளர்கள் அவரவர் ஆட்கள். கேட்க எளிமையாக இருக்கிறது, இல்லையா?

ஒன்பது கூட்டம் வைத்தோம். அவர்களுடைய கட்டடத்துக்குள் நாங்கள் கால் வைக்கமாட்டோம், எங்களுடையதற்குள் அவர்கள் வரமாட்டார்கள். ஆகவே இரண்டுக்கும் நடுவில் இருந்த ஒரு ஹொட்டேலில் அறை எடுத்தோம். மேடையின் தரைவிரிப்பில் யாருடைய சின்னம் நடுவில் வருவது? வென்றவனிடம் யார் முதல் கேள்வி கேட்பது? கேட்கும் மைக் என்ன நிறம்? ஒரு முழுக் கூட்டம் கதிரைகளைப் பற்றியே நடந்தது. அவர்களின் வர்ணனையாளர் உட்காரும் கதிரை எங்களுடையதைவிட இரண்டு அங்குலம் உயரம் என்று எங்கள் தலைவர் கண்டுபிடித்துவிட்டார். வீட்டிலிருந்து அளவுநாடா கொண்டுவந்திருந்தார்.

அவர்கள் பக்கத்துக்கு ஒரு தலைவி. ஒல்லியான பெண்மணி. அறை எவ்வளவு சூடாக இருந்தாலும் கோட்டைக் கழற்றமாட்டார். அவருக்குப் பக்கத்தில் குறிப்பெடுத்துக்கொண்டு இருந்தவள் சித்ரா. கோயம்புத்தூர்ப் பெண். வேலை விசாவில் வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. வால்தம்ஸ்டோவில் ஒரு அறை எடுத்து இருந்தாள். சண்டையை நடைமுறையில் ஒழுங்கு செய்யும் பொறுப்பு எங்கள் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அவளுக்கு.

மூன்றாவது கூட்டத்தில் மைக்கின் நிறத்தைப் பற்றிப் பேசி இரண்டு பெரியவர்களும் சிவந்துபோய் இருந்தார்கள். சித்ரா குனிந்தபடி, "கடவுளே, ஒரு மைக்குக்கா இந்தப் பாடு" என்று முணுமுணுத்தாள்.

"இன்னும் கதிரை இருக்குத் தங்கச்சி. அவசரப்படாதேங்கோ" என்றேன்.

அவள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அதுவரை நான் தமிழ் என்று அவளுக்குத் தெரியாது. என் பெயரைச் சுருக்கிச் சுருக்கி எங்கள் அலுவலகத்தில் 'சிவ்' என்று ஆக்கி வைத்திருந்தார்கள்.

எங்கள் தலைவர் இதைக் கவனித்துவிட்டார். என் காதில், "உங்கள் பாஷையிலேயே அவளோடு பேசிப் பார். விட்டுக்கொடுக்காதே" என்றார். அந்தப் பக்கம் தலைவியும் சித்ராவின் காதில் ஏதோ சொன்னார். அதே வசனமாகத்தான் இருக்கவேண்டும். நாங்கள் இருவரும் மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

சித்ரா மிகக் கடுமையான முகத்தோடு தொடங்கினாள். "அண்ணா, இங்க நல்ல முருங்கைக்காய் எங்க கிடைக்கும்? வால்தம்ஸ்டோல எல்லாம் காஞ்ச குச்சி மாதிரி இருக்கு."

நான் ஒரு விரலால் மேசையைத் தட்டினேன். "அப்டன் பார்க் போங்கோ. கிறீன் ஸ்றீற். ஸ்ரேசனால வெளிய வந்து நடந்தா இடக்கைப் பக்கம் ஒரு கடை. வெள்ளிக்கிழமை காலமையே போகவேணும். சனிக்கிழமை போனா ஒண்டும் மிஞ்சாது."

"வெள்ளிக்கிழமை எனக்கு வேலை இருக்கே!" என்று அவள் குரலை உயர்த்தினாள்.

"அப்ப வியாழன் பின்னேரம் போங்கோ. ஆனா லேசில வாங்கிப்போடாதேங்கோ, முறிச்சுப் பாத்து எடுங்கோ!"

இப்படியே பத்து நிமிடம். வெண்டைக்காய், சாம்பார் வெங்காயம், நல்ல தோசைமா. இடையில் ஒரே நிமிடத்தில் மைக்குக்குக் கறுப்பு நிறம், இரண்டு பக்கமும் இரண்டு சின்னம் என்று முடித்துவிட்டோம். அறிவித்தபோது இரண்டு பெரியவர்களும் மூச்சு விட்டார்கள். வெளியே வந்ததும் எங்கள் தலைவர் என் தோளில் தட்டினார். "உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு இடத்திலும் நீ இறங்கவில்லை" என்றார்.

அன்றிலிருந்து எல்லா முட்டுக்கட்டைகளும் எங்கள் இருவரிடம் வந்தன. இதை ஒரு பாடமாகவே உங்களுக்குச் சொல்வேன். போட்டிச் சனலில் உங்கள் அதே வேலையைச் செய்யும் ஆள் ஒருவர் இருப்பார். அவரை ஒருமுறையாவது சிரிக்க வையுங்கள். உங்கள் தலைவரைவிட அவரால்தான் உங்களுக்கு வேலை ஆகும்.

கடைசிப் பிரச்சினை, யார் முதலில் மேடைக்கு நடந்துவருவது என்பது. உங்களில் சிலருக்கு இது சின்ன விடயமாகத் தெரியலாம். பட்டம் வைத்திருப்பவன் கடைசியாகத்தான் வருவான். முதலில் வருபவன் மேடையில் நின்று மற்றவனுக்காகக் காத்திருக்கவேண்டும். இங்கே இருவரிடமும் பட்டம். காசு சுண்டினோம். ஆர்ச்சி முதலில் என்று விழுந்தது.

ஆர்ச்சியின் பயிற்சியாளர் அவனுடைய அப்பாதான். கட்டடங்களுக்குச் சாரம் கட்டும் வேலை செய்த மனிதர். கழுத்து என்று ஒன்று அவருக்கு இல்லை. அவர் எழுந்து நின்று, "இரண்டு நிமிடம். அதற்கு மேல் என் மகன் அங்கே ஒருத்தனுக்காகக் காவல் நிற்கமாட்டான். நிற்க வைத்தால் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

சண்டை ஞாயிறு பிற்பகல் மூன்று மணிக்கு. ஆசிய நாடு ஒன்றின் சனலும் வாங்கியிருந்ததால், அங்கே ஆட்கள் நித்திரைக்குப் போகுமுன் முடிக்கவேண்டும் என்று அந்த நேரம். லண்டனின் பெரிய உள்ளரங்கு ஒன்று. நிரம்பி வழிந்தது.

ஆர்ச்சியின் உடை மாற்றும் அறை கிழக்குப் பக்கம், டெஸ்மண்டினுடையது மேற்கு. இரண்டுக்கும் நடுவில் அரங்கு முழுவதும். நான் ஆர்ச்சியின் வாசலில், சித்ரா டெஸ்மண்டின் வாசலில். ஆர்ச்சி அறையை விட்டு இறங்கியதும் நான் சொல்லவேண்டும். அவள் இரண்டு நிமிடம் எண்ணித் தன் ஆளை விடவேண்டும். ஒத்திகையில் இதை ஆங்கிலத்தில் மூன்று தடவை செய்து பார்த்தோம். ஒரு பிழையும் இல்லை.

அன்று இரண்டு மணிக்கு இரண்டு விடயம் கோணலாயிற்று. ஒன்று, உடை மாற்றும் அறைகள் இருந்த நிலக்கீழ்ப் பாதைகளின் கொங்கிறீற்றுக்குள் சித்ராவின் காதில் மாட்டும் கருவி செத்துப்போயிற்று. அவளுடைய ஒளிபரப்பு வண்டியோடு அவளுக்குத் தொடர்பே இல்லை, மேலே அரங்கில் நடப்பதும் அங்கே கேட்காது. எங்கள் இருவரின் கைத்தொலைபேசி மட்டும் விட்டு விட்டு வேலை செய்தது. இரண்டு, ஆர்ச்சியின் அப்பா எனக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்.

"சிவ், நாங்கள் இறங்குவதை அவர்களுக்குச் சொல்லாதே. எப்போது என்று தெரியாமல் தவிக்கட்டும்" என்றார்.

"சரி" என்றேன். அவருடைய கையைப் பார்த்தால் நீங்களும் அப்படித்தான் சொல்லியிருப்பீர்கள்.

நேரம் வந்தது. கதவு திறந்தது. ஆர்ச்சி இறங்கினான். அவன் அப்பா என் முகத்துக்கு நேரே நிற்கிறார். ஆங்கிலத்தில் சொன்னால் பிடிபடுவேன். நான் தொலைபேசியைக் காதில் வைத்து, வீட்டில் கதைப்பது மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "தங்கச்சி, எங்கட ஆள் வெளிக்கிட்டிட்டார்" என்றேன்.

"என்னண்ணா? கேக்கல!"

"வெளிக்கிட்டிட்டார்! வெளிக்கிட்டிட்டார்!"

பிறகு சித்ராவின் குரல் மிகவும் இரக்கமாக வந்தது. "அச்சச்சோ. பாவம். சரிண்ணா, நிதானமா வரட்டும்." தொடர்பு அறுந்துபோயிற்று.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். ஒருவன் மேடைக்கு நடந்து போகிறான் என்று சொன்னதற்கு ஏன் ஒருத்தி 'பாவம்' என்கிறாள்? இதை நான் யோசித்திருக்கவேண்டும். நேரலையில் நீங்கள் சொன்னதற்குப் பொருந்தாத ஒரு சொல் பதிலில் வந்தால், எவ்வளவு அவசரமாக இருந்தாலும் நின்று திரும்பக் கேளுங்கள். அதற்கு மூன்று செக்கன் போதும். அந்த மூன்று செக்கனை மிச்சம் பிடித்து நான் ஏழு நிமிடத்தை இழந்தேன்.

நான் ஆர்ச்சியின் பின்னால் அரங்கின் வாயில்வரை போனேன். விளக்குகள், இசை, புகை. அவன் மேடையில் ஏறினான். கூட்டம் கூரையைத் தூக்கியது. பிறகு விளக்குகள் அணைந்து, டெஸ்மண்டின் பாட்டுத் தொடங்கியது. எல்லோரும் மேற்கு வாயிலைப் பார்த்தார்கள்.

ஒருவரும் வரவில்லை.

பாட்டு முடிந்தது. மறுபடி தொடங்கினார்கள். அறிவிப்பாளர் டெஸ்மண்டின் பெயரை நீட்டி முழக்கி அழைத்தார். வரவில்லை. இன்னொரு தடவை அழைத்தார், இம்முறை கேள்விக்குறியோடு. மேடையில் ஆர்ச்சி தனியாகக் காற்றோடு குத்துச்சண்டை செய்துகொண்டிருந்தான். மூன்றாவது நிமிடத்தில் காற்று அலுத்துப்போய்க் கயிற்றில் சாய்ந்தான். கூட்டம் ஊளையிடத் தொடங்கியது.

வாயிலில் என் காதுக்கருவி நன்றாக வேலை செய்தது. எங்கள் தலைவரின் குரல் வந்தது. முதலில், "எங்கே அவன்?" பிறகு கொஞ்சம் யோசித்து, பாயாசம் குடித்தவர் மாதிரி, "சிவ், இது அருமை. அவன் பயந்து ஒளிந்துவிட்டான் என்று எங்கள் வர்ணனையாளரைச் சொல்ல வைக்கப்போகிறேன். மற்றச் சனல் தன் ஆளைக்கூட மேடைக்குக் கொண்டுவர முடியாத சனல் என்று நாடு பார்க்கட்டும்."

நான் சித்ராவை அழைத்தேன். தொடர்பில் இருக்கிறார் என்றது. மறுபடி அழைத்தேன். அதே பதில். பிறகுதான் தெரிந்தது, அவள் அதே நேரத்தில் என்னை அழைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் மாறி மாறி ஒருவரை ஒருவர் அடைத்துக்கொண்டு நின்றோம். ஐந்தாவது நிமிடம் கிடைத்தாள்.

"எங்கட ஆள் வெளிக்கிட்டு அஞ்சு நிமிசமாச்சுது!" என்று கத்தினேன்.

"அஞ்சு நிமிஷமாவா? வயிறு ரொம்ப மோசமா அண்ணா? எங்க டாக்டரை வேணா அனுப்பட்டுமா?"

"டாக்டர் ஏன்?"

"கையுறைக் கட்டை எல்லாம் வெட்டியாச்சா? திரும்பக் கட்டணும்னா போட்டி அதிகாரி முன்னாடிதானே கட்டணும்? அதான் பத்து நிமிஷம் ஆகும்னு இவரை உட்கார வெச்சிருக்கேன். போர்வை போத்தி, டீ கூடக் குடுத்திருக்கேன்."

"கையுறையை ஏன் வெட்டவேணும்?"

"கையுறையோட எப்படிண்ணா..." அவள் நிறுத்தினாள். நானும் நிறுத்தினேன். அரங்கில் பதினாறாயிரம் பேர் ஊளையிடுகிறார்கள். சித்ரா மிக மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, உங்க ஊர்ல வெளிக்கின்னா என்ன?"

எங்கள் பக்கத்தில் வெளிக்கிடுவது என்றால் புறப்படுவது. கலியாண வீட்டுக்கு வெளிக்கிடுவோம், வேலைக்கு வெளிக்கிடுவோம். அவள் பக்கத்தில் வெளிக்குப் போவது என்றால் கழிப்பறைக்குப் போவது. ஒன்பது கூட்டங்களில் நாங்கள் முருங்கைக்காயில் இருந்து மைக் வரை எல்லாம் கதைத்திருந்தோம். இந்தச் சொல் மட்டும் ஒருநாளும் வரவில்லை.

"அவர் மேடையில நிக்கிறார் தங்கச்சி! உங்கட ஆளை விடுங்கோ!"

டம்ளர் ஒன்று கீழே விழுந்து உடையும் சத்தம் மட்டும் கேட்டது.

அதே நேரம் மேடையில் ஆர்ச்சியின் அப்பா ஒரு காலால் கீழ்க்கயிற்றை மிதித்து, தோளால் மேற்கயிற்றைத் தூக்கி, மகனுக்கு வழி விட்டார். "வா, போகலாம்" என்று கை காட்டினார். நான்கு வருடம் காத்திருந்த சண்டை அந்தக் கயிற்று இடுக்கால் வெளியே போகப்போகிறது.

காதில் தலைவர், "போகட்டும், போகட்டும்! கமெராவை அப்பாவில் வை!" என்கிறார்.

அந்த இடத்தில் எனக்கு இரண்டு வழி இருந்தது. பேசாமல் நிற்கலாம். பழி முழுவதும் மற்றச் சனலில் விழும். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. என்னைத் தவிரச் சாட்சி ஒருத்தி மட்டும், அவளும் எதிரியின் ஆள். உண்மையைச் சொல்லப்போனால், ஒரு செக்கன் அப்படித்தான் நின்றேன். பிறகு காதுக்கருவியைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு ஓடினேன்.

அறுபத்தொரு வயது. கோட், கழுத்துப்பட்டி, தோல் சப்பாத்து. வாயிலில் இருந்து மேடைவரை அந்த நீண்ட பாதையில், விளக்குக்காரன் டெஸ்மண்ட்தான் வருகிறான் என்று நினைத்து முழு விளக்கையும் என்மேல் போட்டான். டெஸ்மண்டின் பாட்டு மூன்றாம் தடவை தொடங்கியது. இரண்டு சனல்களிலும், ஆசியாவிலும், ஐந்தடி மூன்றங்குலத்தில் நான் ஓடி வருகிறேன். கூட்டம் ஊளையை நிறுத்திக் கைதட்டியது. மனோர் பார்க்கில் என் மனுசி ரீவியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், "உந்த மனிசன் ஏன் சண்டைக்குப் போகுது" என்று எழும்பி நின்றாளாம்.

மேடை விளிம்பில் ஏறி ஆர்ச்சியின் அப்பாவின் கையைப் பிடித்தேன். "போகாதீர்கள். அவர்கள் பிழை இல்லை. என் பிழை."

"என்ன பிழை?"

"ஆர்ச்சி இறங்கிவிட்டான் என்று அவளுக்குத் தமிழில் சொன்னேன்."

"சொல்லாதே என்றேனே!"

"சொன்னேன். ஆனால் அவளுடைய தமிழில் அது வேறு. ஆர்ச்சி கழிப்பறையில் இருக்கிறான் என்று விளங்கிக்கொண்டாள். அவசரப்படுத்தக்கூடாது என்று காத்திருக்கிறாள்."

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு அடி விழப்போகிறது என்று நினைத்தேன். இருபத்தெட்டு வருடத்தில் முதல் அடி. அவருடைய வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. உள்ளே இருந்து சாரம் சரிவது மாதிரி ஒரு சிரிப்பு வந்தது. மகனின் தலையைக் கயிற்றுக்குள்ளால் இழுத்துக் காதில் சொன்னார். ஆர்ச்சி கையுறைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு மேடையிலேயே குந்திவிட்டான்.

மேடைக்கு மேலே தொங்கும் மைக்கை நான் மறந்துவிட்டேன். நான் சொன்ன ஒவ்வொரு சொல்லும் இரண்டு சனல்களிலும் போயிருந்தது. வீட்டில் பார்த்தவர்கள் அரங்கில் இருந்தவர்களுக்குச் செய்தி அனுப்ப, அரை நிமிடத்தில் அரங்கு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. இங்கிலாந்துக் கூட்டத்துக்கு இப்படி ஒன்று கிடைத்தால் சும்மா விடுமா? உடனேயே ஒரு மெட்டில் வைத்துப் பாடத் தொடங்கினார்கள். அந்த வரிகளை இங்கே எழுத ஏலாது. அந்த நேரம் பார்த்துத்தான் டெஸ்மண்ட் வாயிலில் வந்து நின்றான். பதினாறாயிரம் பேர் கழிப்பறையைப் பற்றிப் பாடுவதைக் கேட்டு, குனிந்து தன் காற்சட்டையைப் பார்த்தான்.

சண்டை பன்னிரண்டு சுற்றும் போயிற்று. நல்ல சண்டை. ஆர்ச்சி புள்ளிகளில் வென்றான். பிறகு அறையில் என்னைக் கூப்பிட்டு, வீங்கிய வாயால் ஒன்று சொன்னான். "மேடையில் ஏறும்போது என் கால் இரண்டும் நடுங்கிக்கொண்டிருந்தது, சிவ். அப்பாவுக்குக்கூடச் சொல்லவில்லை. நீ வந்து சொன்ன பிறகு நடுக்கம் எங்கே போயிற்றென்றே தெரியவில்லை." அவன் நன்றி சொன்னானா, ஆறுதல் சொன்னானா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

ஆனால் தோற்றவன் பக்கம் அப்படி இல்லை. உடம்பு சூடாக நின்ற டெஸ்மண்டை உட்கார வைத்துப் போர்வை போர்த்தித் தேநீர் கொடுத்ததால்தான் தோற்றான் என்று அவனுடைய ஆட்கள் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை சித்ராவை வேலையில் இருந்து இடைநிறுத்தினார்கள். அன்று பின்னேரம் அவள் எனக்கு அழைத்தாள்.

"நான் உங்க பேரைச் சொல்லலண்ணா. எனக்குச் சரியா காதுல விழலன்னு மட்டும் சொன்னேன்."

"ஏன் தங்கச்சி?"

"உங்களுக்கு ரிடையர்மெண்ட் வருதில்ல. எதுக்கு கடைசி நேரத்துல." பிறகு குரல் உடைந்தது. "வேலை போச்சுன்னா ரெண்டு மாசத்துல நாட்டை விட்டுக் கிளம்பணும்ணா."

நேரலையில் பிழையை ஒப்புக்கொள்வது சுலபம். யோசிக்க நேரம் கிடையாது. நான்கு நாள் கழித்து, தேநீர் குடித்து, நித்திரை கொண்டு எழும்பிய பிறகு, இன்னொருவரின் கட்டடத்துக்குப் போய் ஒப்புக்கொள்வதுதான் கஷ்டம்.

வியாழக்கிழமை போனேன். இருபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக மற்றச் சனலின் சுழல்கதவுக்குள் நுழைந்தேன். வரவேற்பில் என் பெயரையும் எந்த நிறுவனம் என்பதையும் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அந்தப் பெண் வாசித்துவிட்டு என்னை ஒருமுறை பார்த்தாள். தலைவியின் அறையில் எனக்குத் தேநீர் தந்தார்கள். கோட்டைக் கழற்றாமலே அவர் கேட்டார்.

"அந்தச் சொல்லை எனக்கு விளக்குங்கள்."

விளக்கினேன். என் தமிழில் இது, அவள் தமிழில் அது. அவர் ஒரு தாளில் இரண்டு நிரலாக எழுதிக்கொண்டார்.

"இரண்டும் ஒரே மொழிதானா?"

"அப்படித்தான் நாங்கள் சொல்லிக்கொள்கிறோம்" என்றேன். "சித்ரா கேட்டதை வைத்துச் சரியாகத்தான் செய்தாள். கையுறையை வெட்டினால் திரும்பக் கட்ட எவ்வளவு நேரம் என்று கணக்குப் போட்டிருக்கிறாள். தன் ஆள் குளிரக்கூடாது என்று போர்வை போர்த்தியிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் அப்படி யோசிக்கிற ஒருவர் இல்லை. பிழை விட்டவன் நான். வேண்டுமென்றால் எழுத்தில் தருகிறேன்."

அவர் எழுந்து யன்னல் பக்கம் திரும்பி நின்றார். கோபம் என்று நினைத்தேன். பிறகு அவருடைய தோள் இரண்டும் குலுங்குவதைக் கண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

"அந்த ஏழு நிமிடமும் ஒருவர்கூட ரீவிக்கு முன்னால் இருந்து எழும்பவில்லை. எங்கள் வரலாற்றில் தேநீர் போடக்கூட ஆள் எழும்பாத இடைவேளை அதுதான். உண்மையைச் சொல்லுங்கள். அது தற்செயலா?"

"தற்செயல்தான்."

"பரிதாபம்" என்றார். "திங்கட்கிழமை சித்ரா வேலைக்கு வரட்டும்."

அவள் வந்தாள். இன்றைக்கு அந்தச் சனலில் குத்துச்சண்டைப் பிரிவு அவளுடைய கையில்தான் இருக்கிறது. உங்களில் சிலர் அவளோடு மேசைக்கு எதிர்ப்பக்கம் உட்காரப்போகிறீர்கள். கவனம், லேசில் இறங்கமாட்டாள்.

அதே திங்கள் காலை எங்கள் தலைவர் என்னைக் கூப்பிட்டார். கதவைச் சாத்தினார். நான் மற்றச் சனலின் கட்டடத்துக்குள் போனதை யாரோ கண்டு சொல்லிவிட்டார்கள். என் கதை முடிந்தது என்று எனக்குத் தெரியும். வழியில் எலிசபெத் ரெயினில் இருந்தே வசனங்களை ஆயத்தம் செய்துகொண்டு வந்திருந்தேன்.

"நான் விளக்கிவிடுகிறேன்" என்று தொடங்கினேன்.

"ஒன்றும் சொல்லாதே. அவர்கள் உனக்கு என்ன தருவதாகச் சொன்னார்கள்?"

"தேநீர் தந்தார்கள்."

அவர் கண்ணைச் சுருக்கினார். "தேநீர் மட்டுமா?"

"ஒரு பிஸ்கற்றும் இருந்தது. நான் எடுக்கவில்லை."

அவர் கதிரையில் சாய்ந்து என்னை நீண்ட நேரம் பார்த்தார். கூட்டங்களில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாரே, அதே பார்வை. "சரி. உன்னைச் சிரேஷ்ட தயாரிப்பாளர் ஆக்குகிறேன். இன்றிலிருந்து" என்றார்.

"ஐயா, நான் வேலைக்குப் போகவில்லை. என் பிழையை ஒப்புக்கொள்ளத்தான் போனேன்."

"தனி அறை. யன்னலோடு."

"உண்மையாகத்தான் சொல்கிறேன். அந்தப் பெண்ணுக்காகப் பேசத்தான் போனேன்."

அவர் மேசையில் அடித்தார். "நீ ஒரு இடத்திலும் இறங்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும்! கார் நிறுத்த இடம். கட்டடத்துக்குக் கீழேயே, உன் பெயர் எழுதி. இதற்கு மேல் என்னால் முடியாது."

இரண்டு தடவை உண்மையைச் சொல்லிப் பார்த்துவிட்டேன். மூன்றாம் தடவை சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. கையைக் குடுத்துவிட்டு வந்தேன். எனக்குக் கார் ஓடத் தெரியாது என்பதை அவரிடம் கடைசிவரை சொல்லவில்லை.